அம்மாவைப் பற்றிய ஏழு நிமிடம்

1

போன வாரம் ஜெர்மனியிலிருந்து ஒரு தமிழ்ச் சங்கச் செயலாளர் போன் செய்தார். அவர்களுடைய கோடை விழாவில் நான் அரை மணி நேரம் பேச வேண்டும். தேதி, விமானம், யார் வீட்டில் தங்குவது எல்லாம் பேசி முடித்தபின் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “மேடம், அந்த அம்மா பிட்டு மட்டும் கட்டாயம் இருக்கணும். எங்க ஆளுங்க அதுக்குத்தான் வருவாங்க” என்றார்.

“அதை இப்ப பண்றதில்லீங்க.”

“ஏன் மேடம், பழசாயிடுச்சா?”

“ஆமா.”

“நாங்க பழசைத்தான் கேக்கறோம். புதுசெல்லாம் நீங்க லண்டன்ல பண்ணிக்குங்க.”

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். அவர் கேட்டது, என் அம்மாவை வைத்து மேடையில் நான் சிரிக்கவைக்கும் ஏழு நிமிடம். அதை வைத்துக்கொண்டுதான் நான் பாரிஸிலிருந்து ஓஸ்லோ வரை போய் வந்தேன். சென்னைப் பக்கம் வானகரத்தில் அதைப் பேசி இந்த மாதத்தோடு ஒரு வருஷம் ஆகிறது. ஏன் நிறுத்தினேன் என்பதை முகம் தெரியாத ஒரு செயலாளரிடம் போனில் சொல்ல முடியவில்லை. ஊரில் இருக்கும் உங்களிடம் சொல்லலாம். உங்களில் பலர் அந்த வீடியோவைப் பார்த்துச் சிரித்தவர்கள். பாதியில் நிறுத்தி யாருக்காவது அனுப்பியவர்கள்.

2

நான் பிறந்து வளர்ந்தது ஆவடிக்குப் பக்கத்தில் பருத்திப்பட்டு. இங்கிலாந்தில் கவென்ட்ரி என்ற ஊருக்கு வந்து பதினான்கு வருஷம். எனக்கும் கணவர் செந்திலுக்கும் கம்ப்யூட்டர் வேலை. மகள் நிலா இங்கேயே பிறந்தவள், பதின்மூன்று வயது.

மேடை ஏறியது தற்செயல். இங்குள்ள பொங்கல் விழா ஒன்றில் பட்டிமன்றப் பேச்சாளருக்கு ரயில் தவறிவிட்டது. யாராவது பத்து நிமிடம் சமாளியுங்கள் என்றார்கள். நான் வந்த புதிதில் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவரிடம், கணவர் ஊரில் இல்லை என்பதற்கு ‘அவுட் ஆஃப் ஸ்டேஷன்’ என்று சொன்னேன். அவர் கார் சாவியை எடுத்துக்கொண்டு வந்து, எந்த ஸ்டேஷன் என்று சொல், போய் அழைத்து வருகிறேன் என்றார். அதைச் சொன்னேன். கூடம் சிரித்தது. அந்தச் சத்தத்தை ஒரு தடவை கேட்டவர்களுக்கு அடுத்த வாரமே மறுபடி கேட்க வேண்டும் போலிருக்கும்.

இந்தத் தொழிலை வெளியிலிருந்து பார்ப்பவர்கள் ஊர் ஊராகச் சுற்றிச் சிரிக்க வைப்பது என்றால் கொண்டாட்டம் என்று நினைக்கிறார்கள். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து அப்படியே விமான நிலையம். முதுகில் ஒரு பை, அதில் மேடைக்கு ஒரு புடவை. போய் இறங்கினால் யாரோ ஒருவர் வீட்டு சோபா. பக்கத்து அறையில் அந்த வீட்டுப் புருஷனும் பெண்டாட்டியும் என்னைத் தங்க வைத்ததற்காகக் குரலை அடக்கிக்கொண்டு சண்டை போடுவார்கள். மறுநாள் மூன்று மணி நிகழ்ச்சி ஐந்தரைக்குத் தொடங்கும். குழந்தைகள் நடனம் பதினெட்டு முடிந்து என் பெயரைக் கூப்பிடும்போது பின்வரிசையில் பிரியாணி பரிமாற ஆரம்பித்திருப்பார்கள். தட்டுச் சத்தத்துக்கு மேலே சிரிப்பு வர வேண்டும். வராத நாட்களில், திரும்பும் விமானத்தில் எந்த வார்த்தையில் கூட்டம் நழுவியது என்று யோசித்துக்கொண்டே வருவேன்.

என் ஆண்டு விடுப்பெல்லாம் இப்படித்தான் போயிற்று. மூன்று வருஷம் ஊருக்கு வரவில்லை. அப்பா இறந்தபின் அம்மா பருத்திப்பட்டு வீட்டில் தனியாக இருந்தாள். நான் ஒரே பிள்ளை. தினமும் பேசினேன், அதை ஒரு தகுதியாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

3

பேசும்போது பக்கத்தில் நோட்டு இருக்கும். நகைச்சுவை பேசுகிறவர்கள் எல்லோரிடமும் ஒன்று இருக்கும். காதில் விழுவதையெல்லாம் எழுதி வைப்போம். மேடையில் எடுபடும் என்று தோன்றினால் ஓரத்தில் ஒரு நட்சத்திரம். அம்மா சொன்னதைத் தேதி போட்டு எழுதுவேன்.

ஆரம்பத்தில் எல்லாம் இங்கிலீஷ் வார்த்தைக் குழப்பம். “மாப்ளைக்குச் சார்ஜ் இல்லடி, அப்பறம் பேசறேன்” என்று வைத்துவிடுவாள். மொபைலைத்தான் சொல்கிறாள். அதற்கே லெஸ்டர் நகரில் கூட்டம் கைதட்டியது. பிறகு இன்னும் நல்லதாக வர ஆரம்பித்தது. “குக்கர்ல துணி போட்டிருக்கேன், மூணு விசில் வந்தா காயப் போடணும்” என்றாள் ஒரு நாள். இன்னொரு நாள், “மாடு வந்து ரெண்டு நாளாச்சு, தொட்டில சொட்டுத் தண்ணி இல்ல.” தண்ணீர் லாரியை மாடு என்றாள். நான் போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அந்தப் பக்கம் ஒரு நிமிஷம் பேச்சில்லை. பிறகு அவளும் சிரித்தாள்.

அதன் உச்சம் டயர் கடை. ஒரு நாள் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அம்மாவின் எண்ணிலிருந்து அழைப்பு. எடுத்தால் ஆண் குரல்.

“அக்கா, நசரத்பேட்டை ஹைவேஸ்ல டயர் கடையிலருந்து பேசறேன். உங்க அம்மா இங்க குந்திகினு கீறாங்க. ஊடு எங்கம்மான்னு கேட்டா, பூட்டிகினு வந்துட்டேன்றாங்க. எந்தப் பக்கம் போவணும்னு கேட்டா, நீ எங்க போறியோ அங்கயே எறக்கி உடுன்றாங்க.”

ஆவடி மார்க்கெட்டுக்குப் போனவள் திரும்பும்போது எங்கள் வீட்டு நிறுத்தத்தில் இறங்காமல் பூந்தமல்லி வரை போய், அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் ஏறி, பெங்களூர் நெடுஞ்சாலையில் இறங்கியிருக்கிறாள். நான் பக்கத்து வீட்டு மல்லிகா அக்காவைக் கூப்பிட்டேன். இட்லி மாவு அரைத்து விற்பவர். கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் ஆட்டோ பிடித்துப் போய் அம்மாவை அழைத்து வந்தார். அவர் போய்ச் சேர்வதற்குள் நான் நோட்டில் ஒரு பக்கம் எழுதி முடித்திருந்தேன். மூன்று நட்சத்திரம்.

அந்த ஒரு பக்கம்தான் ஏழு நிமிடமாக வளர்ந்தது. டயர் கடைக்காரராகவும் அம்மாவாகவும் மாறி மாறிப் பேசுவேன். யாரோ அதை வீடியோ எடுத்துப் போட்டார்கள். அதற்குப் பிறகு எனக்குக் காலியான சனிக்கிழமை இருக்கவில்லை.

4

போன வருஷம் தமிழ்நாட்டில் நாலு ஊரில் நிகழ்ச்சி என்று ஒருவர் ஏற்பாடு செய்தார். கோயம்புத்தூர், மதுரை, திருச்சி, கடைசியாகச் சென்னை. சென்னை என்றால் வானகரத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் விழாக்கூடம். அதற்கு முந்திய நாள்தான் பருத்திப்பட்டுக்குப் போனேன். அம்மா இளைத்திருந்தாள். காபியில் உப்புப் போட்டாள். அதையும் எழுதி வைத்தேன். நிகழ்ச்சிக்கு வா என்றதற்கு, “கூட்டம் எனக்கு ஆவாதுடி, நீ போய்ட்டு வா” என்றாள்.

வானகரத்தில் கூடம் நிறைந்திருந்தது. எல்லா ஜில்லாவிலிருந்தும் வேலைக்கு வந்து கடன் போட்டு ஃபிளாட் வாங்கியவர்கள். அவர்கள் எல்லோருக்கும் ஊரில் ஓர் அம்மா இருப்பாள், அவளும் போனில் எதையாவது மாற்றிச் சொல்வாள். குக்கருக்குச் சிரித்தார்கள், மாட்டுக்கு அதைவிட. டயர் கடை பாதியில் இருக்கும்போது இரண்டாம் வரிசையில் ஒருவர் சிரிக்காமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். நாற்பது வயது இருக்கும், அலுவலக அடையாள அட்டைகூடக் கழற்றாமல் வந்திருந்தார். சிரிக்காதவரைப் பிடித்துக் கலாய்ப்பது எங்கள் தொழிலில் பழைய வழி. கூட்டத்துக்கும் அது பிடிக்கும்.

“சார், உங்க பேரு?”

“முருகானந்தம்.”

“எந்த ஊரு?”

“கோவில்பட்டி பக்கம்.”

“கோவில்பட்டியில சிரிக்கறதுக்கு ஏதாவது தடை இருக்குங்களா?”

கூட்டம் சிரித்தது. அவர் எழுந்து நின்றார். யாரோ மைக்கை நீட்டினார்கள். வகுப்பில் பதில் சொல்கிறவர் மாதிரி மெதுவாகச் சொன்னார்: “இல்ல மேடம். எங்க அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சது.”

கூடம் அடங்கிவிட்டது. மேடையில் அந்த மாதிரி மௌனம் மூன்று நொடிக்கு மேல் நீடித்தால் மீள முடியாது என்று பழகியிருக்கிறோம். என் வாய் எனக்கு முன்னால் ஓடியது.

“அப்ப அப்பாவையும் கூட்டிட்டு வாங்க சார். எங்க அம்மாவோட ஒரே ஷேர் ஆட்டோவுல ஏத்தி விட்டுடலாம். ரெண்டு பேரும் எங்க இறங்கறாங்கன்னு பார்ப்போம்!”

அன்றைய நிகழ்ச்சியிலேயே பெரிய சிரிப்பு அதற்குத்தான். அவரும் லேசாகச் சிரித்துத் தலையை ஆட்டி உட்கார்ந்தார். எழுந்து போகவில்லை, முடியும் வரை இருந்தார்.

வெளியே வண்டி நிறுத்தும் இடத்தில் காத்திருந்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் அவரே ஆரம்பித்தார். “தப்பா எடுத்துக்காதீங்க மேடம். உங்க வேலைய நான் கெடுக்க வரல. அப்பா போன வருஷம் தவறிட்டாங்க. வீட்டுல நாங்களும் சிரிச்சோம். ரெண்டு வருஷம் சிரிச்சோம். அம்மாவை ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிருங்க, அவ்வளவுதான்.”

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

5

மல்லிகா அக்காவிடம்தான் முதலில் கேட்டேன். அவர் மாவு வாளியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“நான் உனக்குச் சொல்லலியா? கேஸை மூடாம உட்டுட்டாங்கன்னு சொன்னேன். என்னையே யாருன்னு கேட்டாங்கன்னு சொன்னேன். நீ போன்ல உழுந்து உழுந்து சிரிச்ச. சரி, படிச்ச பொண்ணு, தெரிஞ்சுதான் சிரிக்குதுன்னு உட்டுட்டேன்.”

அம்பத்தூரில் ஒரு மருத்துவரிடம் நேரம் வாங்கினோம். நடுவயதுப் பெண்மணி, அவசரமில்லாமல் பேசினார். அம்மாவிடம் கடிகாரம் வரையச் சொன்னார். அம்மா வட்டம் போட்டு, எண்களையெல்லாம் ஒரே பக்கத்தில் அடுக்கினாள். பேனாவைக் காட்டி இது என்ன என்றார். “குச்சி” என்றாள் அம்மா. சொல்லிவிட்டு டாக்டரைப் பார்க்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள். கைக்கடிகாரத்தைக் காட்டினார். “வளையல்.” மறுபடியும் என்னைப் பார்த்தாள்.

“எப்ப இருந்து இப்படி?” என்று டாக்டர் என்னிடம் கேட்டார்.

பெரும்பாலான பிள்ளைகளுக்கு இதற்குப் பதில் தெரியாதாம். எனக்குத் தெரிந்தது. பையிலிருந்து நோட்டை எடுத்துக் கொடுத்தேன். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஓரிடத்தில் விரலை வைத்தார்.

“இந்த இடம் வரைக்கும், பழகாத இங்கிலீஷ் வார்த்தைதான் தப்பா வருது. அது யாருக்கும் வரும். இங்கேருந்து பாருங்க, தெரிஞ்ச பொருளுக்கே வேற பேர் சொல்றாங்க. இதுக்கே ரெண்டரை வருஷம் ஆகுது.” கொஞ்சம் பொறுத்து, “ஓரத்துல நட்சத்திரம் போட்டிருக்கீங்களே, அது என்ன?” என்றார்.

நல்லதற்குப் போடுவது என்றேன். வேறு எப்படிச் சொல்வது?

முன்னரே வந்திருந்தால் என்று அவர் தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். முன்னரே வந்திருந்தாலும் இந்த மறதி நோயைக் குணப்படுத்த முடியாது, கொஞ்சம் தள்ளிப்போட முயன்றிருக்கலாம் என்று மட்டும் சொன்னார்.

திரும்பி வந்ததும் வீட்டுக்குள் போகப் பிடிக்காமல் அம்மாவை ஏரிக்கரைக்கு அழைத்துப் போனேன். நடைபாதையில் சாயங்கால நடைக்காரர்கள் போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம்.

“இன்னாடி, மூஞ்சியத் தூக்கி வெச்சுகினு கீற?”

“உனக்குத் தெரிஞ்சிருந்ததாம்மா?”

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அன்று அவள் பேச்சு தெளிவாக இருந்தது. அப்படியும் சில மணி நேரங்கள் அவளுக்குக் கிடைத்துக்கொண்டிருந்தன.

“தெரியாம இன்னா? வார்த்தை இங்க வரைக்கும் வரும்” என்று தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். “வாயத் தொறந்தா வேற ஒண்ணு வந்து உழும். ஒடம்பெல்லாம் நடுங்கிப் பூடும். அந்தாண்ட நீ சிரிப்ப. நீ சிரிச்சுட்டா, சரி, ஒண்ணும் இல்ல, பெரிசா இருந்தா இவ சிரிப்பாளான்னு நெனச்சுக்குவேன்.”

அம்மாவே தொடர்ந்தாள்.

“மல்லிகா அந்தப் படத்தக் காட்னா. நீ பேசறது. அவ்ளோ ஜனம் சிரிக்குது. நல்லாத்தான் பேசற.”

“கோவமாம்மா?”

“கோவம் இன்னாத்துக்கு?” ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “ஆனா அந்த டயர் கடைல நான் அழுதுகினு இருந்தேன். அத மட்டும் உட்டுட்ட.”

உண்மை. அந்தக் கடைக்காரர் என்னிடம் சொன்னார். “அழுவுறாங்க அக்கா, தண்ணி குடுத்தாலும் குடிக்க மாட்டேன்றாங்க” என்று. நோட்டில் முதலில் அதையும் எழுதியிருந்தேன். மேடைக்கு ஆகாது என்று அடித்துவிட்டேன்.

6

பத்து நாளில் திரும்ப வேண்டியிருந்தது. விடுப்பு தீர்ந்திருந்தது, பாதியை அந்த நாலு ஊரில் செலவழித்துவிட்டிருந்தேன். காலையிலும் மாலையிலும் மல்லிகா அக்கா, பகலில் துணைக்கு ஒரு பெண் என்று ஏற்பாடு செய்துவிட்டு வந்தேன்.

அம்மாவை இங்கே அழைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தோம். விசா விண்ணப்பத்தில் ஒரு கேள்வி: பயணம் முடிந்து உங்கள் நாட்டுக்குத் திரும்பிவிடுவீர்கள் என்பதற்கு என்ன ஆதாரம்? வீட்டுப் பத்திரம் இணைத்தோம். அப்பாவின் பென்ஷன் புத்தகம் இணைத்தோம். டாக்டர் கடிதத்தை இணைத்தால் மருத்துவத்துக்காக வருகிறார் என்பார்கள், இணைக்காவிட்டால் மறைத்தோம் என்பார்கள். இணைத்தோம். ஒன்றரைப் பக்கத்தில் மறுப்பு வந்தது. விண்ணப்பதாரர் திரும்பிச் செல்வார் என்பதில் தங்களுக்குத் திருப்தி இல்லை என்று எழுதியிருந்தார்கள். அவர்கள் எழுதியதில் தவறில்லை. அம்மாவால் பருத்திப்பட்டு நிறுத்தத்திலேயே இறங்க முடியவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஊரிலிருந்து வந்து இரண்டாம் மாதம் பாரிஸில் ஒரு நிகழ்ச்சி, முன்பே ஒப்புக்கொண்டது. அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லாமல் புதிதாக எழுதிக்கொண்டு போனேன். முதல் பத்து நிமிடத்தில் இருமல் சத்தம்தான் கேட்டது. முன்வரிசையில் ஒருவர் கைப்பேசியை எடுத்தார். அப்புறம் என் குரல் தானாக மாறியது. “அக்கா, நசரத்பேட்டை ஹைவேஸ்ல டயர் கடையிலருந்து பேசறேன்…”

கூடம் நிமிர்ந்து உட்கார்ந்தது. ஏழு நிமிடமும் பேசினேன். நின்று கைதட்டினார்கள். வெளியே வந்து கழிவறையில் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் வந்து கையைப் பிடித்துக்கொண்டு, “உங்க அம்மாவுக்கு எங்க அன்பைச் சொல்லுங்கோ” என்றார். சொல்கிறேன் என்றேன். அன்றோடு நிறுத்தினேன். அதன் பிறகு மேடைகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. இந்த ஜெர்மனி அழைப்பு நாலு மாதத்தில் முதல் அழைப்பு. வரவில்லை என்று நேற்று எழுதிவிட்டேன்.

சனிக்கிழமைகளில் இப்போது வீட்டில் இருக்கிறேன். இருந்து என்ன? நிலா என்னிடம் எதுவும் சொல்வதில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் வகுப்பில் ஒரு பையன் தனக்குக் கடிதம் கொடுத்ததைச் சொன்னாள். மறுவாரமே அதை மேடையில் சொன்னேன். கூட்டத்தில் அவள் தோழியின் தாய் இருந்தார். திங்கட்கிழமை பள்ளி முழுக்கத் தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து எதைக் கேட்டாலும் ஒரே வார்த்தையில் பதில்.

ஆனால் பாட்டியோடு பேசுகிறாள். எப்போது தொடங்கியது என்று எனக்குத் தெரியாது. மல்லிகா அக்கா வீடியோவில் அழைத்துக் கொடுத்துவிட்டு மாவு அரைக்கப் போய்விடுவாராம். நிலாவுக்குத் தமிழ் பாதிதான் வரும். அம்மாவுக்கும் இப்போது அவ்வளவுதான். ஒருத்தி பொருளை எடுத்துக் காட்டுவாள், மற்றவள் ஏதோ ஒரு பெயர் சொல்வாள். இருவருக்கும் அது போதுமானதாக இருக்கிறது.

இன்று காலை நிலாவின் அறையிலிருந்து சிரிப்புக் கேட்டது. அம்மாவின் சிரிப்பும்தான். பல மாதங்களாக என்னோடு பேசும்போது அவள் சிரித்ததில்லை. துவைத்த துணிகளைக் கையில் வைத்துக்கொண்டு கதவைத் தள்ளினேன். இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

“என்ன சொன்னாங்க பாட்டி?”

“ஒண்ணும் இல்ல” என்றாள் நிலா.

போனுக்குள்ளிருந்து அம்மா கேட்டாள். “யாரு அது?”

“அம்மா, பாட்டி. என் அம்மா.”

அம்மா கண்ணைச் சுருக்கி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். நான் கையசைத்தேன். பிறகு அவள் நிலாவின் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னாள்:

“அவகிட்ட சொல்லாத.”

துணிகளைக் கட்டிலில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு கீழே வந்தேன்.